குப்லாய் கானும் உங்கள் கட்டுரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சீனத்துத் தாவோ மத நூல்களுக்கு அறிமுகம் என்று நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. மூன்றாம் பத்தி வரைதான் அந்த மகிழ்ச்சி நீடித்தது. “தாவோ மதத்தில் உருப்படியான நூல் என்றால் தாவோ தே ஜிங் ஒன்றுதான், மற்றதெல்லாம் பின்னாளில் ஒட்டிக்கொண்ட மந்திர தந்திரம்” என்று அங்கே ஒரு வரி.

இதை முதலில் சொன்னவர் உங்கள் கட்டுரையாளர் அல்ல. 1281இல், சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான், தாவோ தே ஜிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற தாவோ நூல்களைக் கொளுத்தச் சொல்லி ஆணையிட்டார். பௌத்தர்களுக்கும் தாவோ துறவிகளுக்கும் நடந்த வழக்கு, அரண்மனை அரசியல் என்று அவருக்காவது காரணங்கள் இருந்தன. உங்களுக்கு என்ன காரணமோ, தெரியவில்லை.

தப்பிப் பிழைத்தவற்றையும் புதிதாகச் சேர்ந்தவற்றையும் தொகுத்து, 1445இல் மிங் அரசு தாவோ ட்சாங் என்ற மறைத்தொகுதியை அச்சிட்டது. 5,305 சுருள்கள். 1607இல் இன்னும் 180 சேர்ந்தன. அதன் முதல் நூல் எது என்று கட்டுரையாளர் ஒரு முறை புரட்டிப் பார்த்திருக்கலாம். லாவோ ட்சு எழுதியதாகச் சொல்லப்படும் தாவோ தே ஜிங் அல்ல, து ரென் ஜிங். ‘மாந்தரைக் கரையேற்றும் நூல்’ என்று பொருள். கி.பி. 400 வாக்கில் தோன்றிய லிங்பாவோ மரபின் தலையாய நூல், சடங்குகளில் ஓதப்படுவது. தொகுதியின் அடிப்படை அமைப்பை ஐந்தாம் நூற்றாண்டில் வகுத்தவர் லூ சியூஜிங் என்ற தாவோ குரு. அவர் வகுத்தது மூன்று ‘குகைகள்’, அதாவது பெரும்பிரிவுகள்: 364 முதல் 370 வரை யாங் சி என்பவருக்கு அருளப்பட்டதாகச் சொல்லப்படும் ஷாங்சிங் நூல்கள் முதலாவதில், லிங்பாவோ இரண்டாவதில், சீனப் பழங்கதையில் வரும் மூவேந்தர் (சான்ஹுவாங்) பெயரிலான நூல்கள் மூன்றாவதில். தாவோ தே ஜிங்குக்கு அந்தப் பழைய அமைப்பில் இந்த மூன்றிலுமே இடமில்லை. பிறகு சேர்ந்த நான்கு துணைப்பிரிவுகளில் ஒன்றான தாய்சுவானில்தான் அதற்கு இடம். ‘ஒட்டிக்கொண்டது’ எது என்று இனி நீங்களே சொல்லுங்கள்.

தத்துவம் வேறு, மதம் வேறு என்று கோடு போடுபவர்கள் தாவோ தே ஜிங்கின் ஆறாம் அதிகாரத்திலேயே தடுக்கி விழுவார்கள். “கு ஷென் சாவதில்லை” என்று அது தொடங்கும். ‘ஷென்’ என்றால் ஆவி, தெய்வம். 23 வயதில் இறந்துபோன வாங் பி (226–249) தன் உரையில் ‘கு’வைப் பள்ளத்தாக்கு என்று கொண்டு, நடுவிலுள்ள வெறுமையைப் பேசுகிறார். ஹெஷாங் கோங் பெயரிலுள்ள இன்னொரு பழைய உரையோ அதே எழுத்தை ‘பேணுதல்’ என்று படித்து, ஈரல், நுரையீரல், இதயம், சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றில் குடியிருக்கும் தெய்வங்களைப் பேணினால் சாவில்லை என்கிறது. ஒரே எழுத்திலிருந்து ஒருவருக்குத் தத்துவமும் மற்றவருக்கு உடலைப் பேணும் பயிற்சியும் கிடைக்கின்றன. எந்த உரையைப் பின்பற்றினோம் என்று சொல்லாத மொழிபெயர்ப்பு எதுவானாலும் அதை நம்பிப் படிக்க முடியாது. நீங்கள் பரிந்துரைத்த பட்டியலில் உரை என்ற சொல்லே இல்லை.

அடுத்து, பெட்டிக்குள் கொட்டை எழுத்தில் போட்ட “ஆயிரம் மைல் பயணமும் ஓரடியில் தொடங்குகிறது”. அது 64ஆம் அதிகாரம். மூலத்தில் இருப்பது மைல் அல்ல, லி. அது அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. ‘ஓரடி’யும் இல்லை, ‘காலடியில்’ என்றுதான் இருக்கிறது. 1973இல் சாங்ஷா நகரத்து மாவாங்துய் கல்லறையில் (மூடியது கி.மு. 168) கிடைத்த பட்டுச் சுவடிகளுள் ஒன்றில் பயணமே கிடையாது. நூறு ஆள் உயரமும் காலடியில் தொடங்குகிறது என்று ஏற்றத்தைத்தான் சொல்கிறது. அந்தச் சுவடிகளில், இன்று நூலின் பிற்பாதியான ‘தே’ பகுதி முன்னாலும் முற்பாதியான ‘தாவோ’ பகுதி பின்னாலும் வருகின்றன. 1993இல் குவோதியனில் கிடைத்த மூங்கில் சுவடிகள் இன்னும் பழையவை, கி.மு. 300 வாக்கில் புதைந்தவை. நூலில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குதான் அவற்றில் உண்டு. இன்றைய 19ஆம் அதிகாரத்தில் “அன்பையும் அறத்தையும் விட்டொழி” என்று கன்ஃபூசியர்களைச் சீண்டும் இடத்தில், குவோதியன் ஓலை அன்பையும் அறத்தையும் தொடுவதே இல்லை. அந்தச் சண்டை பிறகு மூண்டது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

சமையற்காரர் திங் விஷயத்தை எப்படி மன்னிப்பது? சுவாங் ட்சு என்ற ஞானியின் பெயரிலேயே வழங்கும் தாவோ நூலில் மூன்றாம் அதிகாரம். திங் மாடு அறுக்கிறார். சாதாரண ஆள் எலும்பை வெட்டுவதால் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறான். கைதேர்ந்தவன் சதையை அரிவதால் வருடம் ஒன்று. திங்கின் கத்திக்கு 19 வயது, ஆயிரக்கணக்கான மாடுகளைப் பார்த்தது, இன்னும் சாணையிலிருந்து எடுத்த பதத்தில் இருக்கிறது. மூட்டுக்கு மூட்டு இடைவெளி உண்டு, கத்தி முனைக்குத் தடிமன் கிடையாது. தடிமன் இல்லாதது இடைவெளியில் தாராளமாகப் புகுந்து வரும் என்கிறார். உங்கள் கட்டுரையில் திங் காய்கறி நறுக்குகிறார்! சுரைக்காய்க்கு ஏதய்யா மூட்டு? யார் மனமும் புண்படக் கூடாதென்று மாட்டை எடுத்தீர்கள், கதையும் கூடவே போய்விட்டது. தான் பட்டாம்பூச்சியாகிவிட்டதாகக் கண்ட கனவை லாவோ ட்சு தலையில் கட்டியிருப்பதும் இதே பக்கத்தில்தான். அது சுவாங் ட்சு, இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வரிகள்.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. போகர்தான் லாவோ ட்சு என்று சில ஆண்டுகளுக்கு முன் எழுதினீர்கள். போகர் பெயரிலுள்ள பாடல்களின் தமிழைப் பார்த்தாலே அவை மிகப் பிற்காலத்தவை என்று தெரியும். மூங்கில் ஓலையின் காலம் மேலே இருக்கிறது. அப்போது எழுதிய கடிதம் எங்கே போனதோ. பிறகு ‘தாவோ என்பது பிரம்மமே’ என்று ஒரு தொடர். காஞ்சி வரை வந்து போன யுவான் சுவாங்கை, 647இல் காமரூப (இன்றைய அசாம்) மன்னருக்காகத் தாவோ தே ஜிங்கை வடமொழியாக்கச் சொன்னார் டாங் பேரரசர். உடனிருந்த தாவோ அறிஞர்கள் தாவோவுக்குப் ‘போதி’ என்று போடச் சொன்னார்கள். முடியாது, வழி என்று பொருள்படும் ‘மார்க்க’ என்றுதான் போடுவேன் என்று நின்றார் யுவான் சுவாங். அந்த மொழிபெயர்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை, வாதம் மட்டும் பதிவாகியிருக்கிறது. ஒரு சொல்லுக்காக அத்தனை மல்லுக்கட்டு. நீங்கள் ஒரு சமன்பாட்டுக் குறியோடு முடித்துவிட்டீர்கள்.

‘டாவோயிசம்’ என்றும் எழுத வேண்டாம். சீன ஒலி மூச்சு சேராத வல்லொலி. நம் சொல் முதல் ‘த’ அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலக்காரருக்குத்தான் அது சங்கடம்.

புதிதாகப் படிக்க வருபவர் தாவோ தே ஜிங்கை உரையோடு படிக்கட்டும். சுவாங் ட்சுவின் 33 அதிகாரங்களில் முதல் ஏழே போதும். மற்றவற்றில் பல கைகள் கலந்திருக்கின்றன. 33ம்கூடக் குவோ சியாங் (இறப்பு 312) வடிகட்டித் தந்தவைதான், அதற்கு முன் 52 இருந்தன. பிறகு லியே ட்சு என்ற இன்னொரு தாவோ நூல், எட்டு அதிகாரம். அதற்கப்புறம் து ரென் ஜிங்கைத் தொடலாம். அதை முதலில் எடுத்தால் வானுலகப் பெயர்களிலேயே மூச்சு முட்டிவிடும்.

அடுத்த இதழில் ஆறு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள், போதும். அதற்கும் இடம் இல்லையென்றால் அந்தக் காய்கறியை மட்டுமாவது மாடாக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கும்பகோணம்