அண்ணாச்சி, எங்க புள்ளைங்கள கொஞ்சம் ஒக்காரச் சொல்லுங்க

ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைன்னு பெருசா நடத்துற முதலாளிமார் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு கிராமம். பன்னெண்டாவது முடிச்ச வருஷமே சென்னைக்கு பஸ் ஏறி வந்து தி.நகர்ல ஒரு பெரிய கடையில ஆறு வருஷம் சேலை செக்‌ஷன்ல நின்னேன். வேலை பாத்தேன்னு எழுத வந்து நின்னேன்னே எழுதிட்டேன், மாத்த வேணாம்னு விட்டுட்டேன், ஏன்னா காலைல ஒம்பதரைக்கு கவுண்டருக்கு பின்னாடி போனா ராத்திரி பத்து மணிக்கு கடைசி சேலைய மடிச்சு வைக்கிற வரைக்கும், சோத்துக்கு விடுற இருவது நிமிஷம் போக, நின்னுக்கிட்டே தான் இருப்போம்.

உங்கள குத்தம் சொல்லி ஏச வரல அண்ணாச்சி. அந்த சம்பளத்துல தான் எங்க அக்கா கல்யாணம் நடந்துச்சு, வீட்டுக்கு தளம் போட்டோம், அத நான் மறக்கல. கோயில் கொடைக்கு ஊருக்கு வரும்போது "நம்ம கடையால இத்தன குடும்பம் பொழைக்குது"ன்னு நீங்க சொல்லுவீங்க, அது நெசம் தான், அந்தப் பேச்ச நம்பித் தான் இந்த மடல எழுதுறேன். குடும்பம் பொழைக்கணும்னு கடை நடத்துறவங்க அந்தக் குடும்பத்துப் புள்ளையோட கால ஒரு தடவ பாக்கணும்.

கடை மூடுனதும் ஹாஸ்டலுக்கு வந்தா ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு, எல்லாரும் செவுத்தோரமா வரிசையா படுத்து கால செவுத்துல மேல தூக்கி வச்சிருப்போம், அப்ப தான் ரத்தம் கீழ எறங்கி வலி கொஞ்சம் மட்டுப்படும். கெண்டைக்கால்ல நரம்பு பச்சையா சுருண்டு பொடச்சுக்கிட்டு நிக்கும், டாக்டர் அத வெரிகோஸ்னு சொல்லுவாரு, எங்களுக்கு அது இருவத்தி மூணு வயசுலயே வந்துருச்சு. பாத்ரூம் மேல் மாடில, போகணும்னா சூப்பர்வைசர்ட்ட கேட்டுட்டு போகணும், அதுக்கு கூச்சப்பட்டே தண்ணி குடிக்க மாட்டோம், நீர்க்கடுப்பு வராத புள்ளையே எங்க செக்‌ஷன்ல கெடையாது.

கஸ்டமரு கீழ் ரேக்ல இருக்குற சேலைய கேட்டா எங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும். எடுக்குற சாக்குல ஒரு முட்டிய தரையில ஊனி அரை நிமிஷம் அப்படியே இருந்துக்கலாம்ல. சில புள்ளைங்க வேணும்னே நல்ல டிசைன கீழ அடுக்கி வைக்கும், கஸ்டமரு கேட்டா தானா குனியலாம்னு. கேமராவுல பாத்துட்டு ஒரு நாள் சூப்பர்வைசர் வந்து எல்லாத்தையும் மேல அடுக்கச் சொல்லிட்டாரு.

2021ல நம்ம சட்டசபையில 1947ஆம் வருஷத்து கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவ சேத்தாங்க, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல ஒக்கார வாய்ப்பு கெடச்சா ஒக்காந்துக்கலாம், நாள் முழுக்க நிக்க வைக்கக் கூடாதுன்னு. நான் அப்ப அந்த வேலைய விட்டு ஊருக்கு வந்து வருஷக்கணக்கு ஆயிருச்சு, ஆனாலும் நியூஸ்ல பாத்து அழுதுட்டேன். கூட நின்ன ஒருத்தி இன்னும் கடையில தான் இருக்கா, ஒடனே போன் போட்டேன். கொஞ்ச நாள்ல ஸ்டூல் வந்துச்சாம், நல்ல ஸ்டூல், கவுண்டருக்கு ஒண்ணு. யாரும் ஒக்காரலயாம். ஏன்டின்னா, "யாருக்கா மொதல்ல ஒக்காருவா, ஒக்காந்தவ பேரு தான இன்சென்டிவ் லிஸ்ட்ல அடிபடும்"ன்னா. கொஞ்ச மாசத்துல அந்த ஸ்டூல் எல்லாம் கொடோனுக்கு போயிருச்சு, ஆபீசர் யாராச்சும் வந்தா எடுத்து போடுவாங்களாம்.

அதனால தான் கவர்மென்ட்டுக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறேன். சட்டம் ஸ்டூல வாங்கிக் குடுத்துருச்சு, ஒக்காருற தைரியத்த நீங்க தான் குடுக்க முடியும்.

கேரளாவுல இந்த சட்டம் நமக்கு முன்னாடியே 2018ல வந்துருச்சு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல வேலை பாத்த பொம்பளைங்க மொதல்ல பாத்ரூமுக்காக கூடுனாங்க, அப்புறம் நாற்காலிக்காக. அவங்கள சேத்து நடத்துன விஜிங்குறவங்க தையல் வேலை பாத்தவங்க. ஒக்காந்து தைக்கிற வேலையில இருந்த ஒருத்தங்க நிக்கிறவங்களுக்காக அத்தன வருஷம் அலைஞ்சிருக்காங்கன்னு படிச்சப்ப எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா நானும் இப்ப தையல்கடை தான் வச்சிருக்கேன்.

அத சொல்லியே ஆகணும். என் கடையில அஞ்சு புள்ளைங்க, ப்ளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறோம். மெஷின்ல இருக்கவங்க ஒக்காந்து தான தைக்கிறாங்க, அதனால என் கடையில இந்தப் பிரச்சனையே இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கட்டிங் டேபிள்ல ஒரு புள்ள காலைலேர்ந்து நின்னே வெட்டும். ஒரு ஜூன் மாசம் யூனிஃபார்ம் ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு, அது துணி மூட்ட மேல சாஞ்சு ஒக்காந்துருக்கு, அந்நேரம் பாத்து கஸ்டமர் உள்ள வராங்க, நான் சத்தமா "என்ன ஒக்காந்துட்ட, எந்திரி"ன்னேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு எங்க சூப்பர்வைசர் கொரல் கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் தச்சர வரச்சொல்லி டேபிள் ஒசரத்துக்கு ஏத்த மாதிரி சாய்மானம் வச்ச ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னேன், வந்ததும் அந்தப் புள்ள கையப் புடிச்சு நானே ஒக்கார வச்சேன். அதுக்கப்புறம் சாயங்காலம் ஆனா அளவு தப்பா வெட்டுறது கொறஞ்சு போச்சு, துணி வீணாகுறதும் கொறஞ்சுச்சு. அந்த லாபம் கெடைக்கலன்னாலும் அந்த ஸ்டூல நான் எடுத்துருக்க மாட்டேன்.

"அக்கறை எல்லாம் சின்ன கடைக்கு சரிம்மா, பெரிய யாவாரத்துக்கு ஒத்து வராது"ன்னு நீங்க நெனைக்கலாம். எங்க பெரியம்மாவுக்கு திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில தான் கண்புரை ஆபரேஷன் பண்ணுனோம், கூட நான் தான் இருந்தேன். டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையில 58 வயசுல ரிட்டயர் ஆகி, முடக்குவாதத்துல வெரல் எல்லாம் வளைஞ்ச கையோட, 1976ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்சது அது. காசு குடுக்குறவங்க குடுக்குற பணத்துலயே காசு இல்லாதவங்களுக்கும் ஆபரேஷன் நடக்குற மாதிரி அமைச்சாரு, கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ வெளிநாட்டுலேர்ந்து வாங்கி கட்டுப்படியாகலன்னு 1992ல ஆரோலேப்னு மதுரையிலயே செய்ய ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு உலகம் பூரா இருந்து வந்து அந்த முறைய படிச்சுட்டு போறாங்க. ஆனா எனக்கு மனசுல நின்னது அங்க வேலை செய்யுற புள்ளைங்க தான். பெரியம்மாவுக்கு சொட்டு மருந்து ஊத்தி கைய புடிச்சு கூட்டிட்டு போன புள்ளகிட்ட ஊரு கேட்டேன், எங்க ஊருக்கு பதினஞ்சு கிலோமீட்டர் தான். கிராமத்துல பன்னெண்டாவது முடிச்ச புள்ளைங்கள எடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி குடுத்து கண் பரிசோதனையிலேர்ந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் பழக்குறாங்க. அவளும் நானும் ஒரே மாதிரி வீட்டுலேர்ந்து, ஒரே படிப்பு படிச்சுட்டு, ஒரே பஸ்ஸ்டாண்டுலேர்ந்து தான் கெளம்பிருப்போம். அவ முதுக நேரா வச்சு நடந்து போறத பாத்துக்கிட்டே இருந்தேன்.

அவங்க ஆஸ்பத்திரி, நீங்க யாவாரம், எனக்கும் புரியுது. ஆனா நோக்கம்னு ஒண்ண முன்னாடி வச்சுட்டா அதுக்கு தகுந்த மாதிரி கணக்கு தன்னால வளையுதுன்னு அங்க தான் கண்ணால பாத்தேன்.

ஒக்காந்தா கஸ்டமருக்கு மரியாத கொறைஞ்சுரும்னு சூப்பர்வைசர்மார் சொல்லுவாங்க. காஞ்சிபுரத்துல இன்னைக்கும் எத்தனையோ பட்டுக்கடையில பாய விரிச்சு, விக்கிறவரும் வாங்குறவங்களும் எதிரெதிரா ஒக்காந்து தான் சேலைய பிரிக்கிறாங்க. லட்சத்துக்கு மேல போற கல்யாணச் சேலை எல்லாம் சம்மணம் போட்டு தான் விக்கிது. யாருக்கும் மரியாத கொறையல. நிக்க வச்சு விக்கிற பழக்கம் ஏ.சி.யும் லிஃப்ட்டும் வந்தப்ப கூட வந்தது, நம்ம பழைய கடைக்கு அது கெடையாது. உங்கள்ல பல பேரு கடைப்பையனா கணக்குப்புள்ளைக்கு பக்கத்துல ஒக்காந்து தொழில் படிச்சவங்க தான.

ஐப்பசி வருது, தீபாவளி கூட்டம் ஆரம்பிச்சா ஒக்கார நேரமே இருக்காது, எங்களுக்கும் தெரியும், அந்த நேரத்துல கேக்கவும் மாட்டோம். ஆனா செவ்வாக்கெழம மத்தியானம் மூணு மணிக்கு ஃப்ளோர்ல நாலே கஸ்டமர் இருப்பாங்க, இருவது புள்ளைங்க மடிச்ச சேலையவே திரும்ப மடிச்சுக்கிட்டு நிப்பாங்க, சும்மா நிக்கிறது தெரியக் கூடாதுன்னு. அந்த மாதிரி ஒரு மத்தியானம் கல்லாவ விட்டு எறங்கி வாங்க அண்ணாச்சி. கொடோன்ல கெடக்குற ஸ்டூல உங்க முன்னாடியே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கீழ் ரேக் பக்கம் எதையோ தேடுற மாதிரி முட்டி போட்டுக்கிட்டு ஒருத்தி இருப்பா, அவகிட்ட "எந்திரிச்சு ஸ்டூல்ல ஒக்காரும்மா"ன்னு சூப்பர்வைசர் காதுல விழுற மாதிரி உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க. மொதல்ல பயப்படுவா, ரெண்டாவது தடவையும் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஆறு வருஷம் சேலை செக்‌ஷன்ல நின்ன உங்க ஊர்ப் புள்ள