பெரியப்பாவின் டேலி புத்தகம்

நன்னிலம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் சுகம். பெரியம்மா இப்போதுதான் இரண்டு வேளை சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்.

பதினாறாம் நாள் மலருக்கு நீ அனுப்பியதைப் படித்தேன். நன்றாக இருக்கிறது, இரண்டு இடம்தான் தவறு. பெரியப்பா ஓஎன்ஜிசி எஞ்சினியர் இல்லை. ரிக்மேனாக (துளையிடும் மேடைத் தொழிலாளி) சேர்ந்து, டாப்மேன் (கோபுர உச்சியில் நின்று குழாய் பிடிக்கிறவர்) ஆகி, டிரில்லராக (துளையை ஓட்டுகிறவர்) ஓய்வு பெற்றவர். டிரில்லர் என்று போட்டால் போர் போடுகிறவர் என்று ஊரில் நினைப்பார்கள் என்கிறாய். நினைக்கட்டும். வேலை அதுதான், ஆழம்தான் வேறு. இரண்டாவது, மும்பை ஹை கடல் வயலில் எண்ணெய் கண்டபோது அவர் அங்கே இருந்ததாக எழுதியிருக்கிறாய். 1974-ல் அதைக் கண்டது சாகர் சாம்ராட் என்கிற துளையிடும் ரிக். அப்போது அவர் அங்கலேஸ்வரில் கரிசல் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கடலுக்குப் போனது 1979-ல்தான்.

ஊர்களை வரிசையாகப் போட்டுக்கொள்: 1971-ல் சிவசாகர், பிறகு அங்கலேஸ்வர், மும்பை (ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டர், பதினாலு நாள் கடல், பதினாலு நாள் வீடு), ராஜமுந்திரி, அகர்தலா, 1988-லிருந்து காரைக்கால். நரிமணம், குத்தாலம் பக்கக் கிணறுகளில் நிறைய நாள் இருந்தார். 2009-ல் ஓய்வு. ஊர்ப் பெயர்களுக்கு இவ்வளவு போதும். அவர் எந்த ஊரைப் பற்றியும் பெரிதாகப் பேசியதில்லை. கிணற்றைப் பற்றித்தான் பேசுவார். மலரிலும் அதற்கு இடம் விடு.

அவர் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டுதான் டேலி புத்தகம். துளை போட இறக்கும் குழாய்க்கு முப்பது அடி என்பது பேச்சுக்குத்தான். ஒன்று 9.38 மீட்டர் இருக்கும், அடுத்தது 9.61. அதனால் ஒவ்வொன்றையும் ஸ்டீல் டேப் பிடித்து அளந்து, வரிசை எண்ணோடு எழுதி, கூட்டிக்கொண்டே வர வேண்டும். 2,000 மீட்டர் கிணற்றில் இருநூறு குழாய்க்கு மேல் இறங்கும். ஒன்றை எழுத விட்டால் ஒன்பதரை மீட்டர் கணக்கு உதைக்கும். கிணற்றுச் சுவர் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் குழாயைத் தவறான ஆழத்தில் நிறுத்தி சிமெண்ட் போட்டுவிட்டால் அப்புறம் பிடுங்கவா முடியும்? பென்சிலில்தான் எழுதுவார். மழையிலும், மட் என்று கிணற்றில் ஊற்றும் சேற்றுக் குழம்பிலும் மை கரைந்துவிடும்.

அந்த நோட்டில் மட் ஊற்றிய கணக்குக்கு இன்னொரு பத்தி உண்டு. டிரில்லரின் யோக்கியதை அதில்தான் தெரியும். பிட் (குழாய் நுனியில் துளைக்கும் உளி) தேய்ந்தால் மாற்ற, இறங்கிய குழாய் அத்தனையையும் மேலே உருவ வேண்டும். மூன்று குழாய் சேர்ந்தது ஒரு ஸ்டாண்டு, சுமார் 28 மீட்டர். வெளியே வந்த இரும்பின் கன அளவுக்குக் கிணற்றில் மட் ஊற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மட்டம் இறங்கும். 1.2 அடர்த்தியுள்ள மட், 2,000 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 240 கிலோ அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. மட்டம் நூறு மீட்டர் இறங்கினால் அதில் 12 கிலோ போச்சு. கீழே இருக்கும் கேஸ் அந்த இடைவெளிக்குத்தான் காத்திருக்கிறது.

ஐந்து அங்குலக் குழாய் ஸ்டாண்டுக்கு ஏறக்குறைய 110 லிட்டர். ஐந்து ஸ்டாண்டு உருவினால் 550 ஊற்றவேண்டும். கிணறு 400-தான் குடித்தது என்றால் மீதி 150 லிட்டர் அடியிலிருந்து வந்துவிட்டது என்று அர்த்தம். அது கேஸாக இருந்தால், மேலே வர வர விரிந்து, கிணற்று வாய்க்கு வரும்போது 200 மடங்குக்கு மேல் ஆகிவிடும். அவசரத்தில் குழாயை வேகமாக இழுத்தாலும் இதே கதி. பிட்டில் களிமண் அப்பியிருந்தால் ஊசிக்குழலின் பிஸ்டன் மாதிரி உறிஞ்சும்.

பழகியவர்களும் சறுக்குவது கடைசியில், பிட்டுக்கு மேலே மாட்டியிருக்கும் டிரில் காலர் குழாய் வரும்போது. எட்டு அங்குலக் காலர் கனத்த இரும்பு. ஒரு ஸ்டாண்டுக்கு 750 லிட்டர் வேண்டும், கிட்டத்தட்ட ஏழு மடங்கு. குழாய்க் கணக்கிலேயே ஐந்து ஸ்டாண்டுக்கு ஒருமுறை ஊற்றினால் தொலைந்தது. காலருக்கு ஒவ்வொன்றுக்கும் ஊற்ற வேண்டும். வேலை முடியப் போகிறது, டீ வந்துவிட்டது என்று ஆட்கள் அசரும் நேரமும் அதுதான். பெரியப்பா அந்த நேரத்தில் டீயைத் தொடமாட்டார்.

கிணறு தானாக ஓடத் தொடங்கிவிட்டால்: ஸ்லிப்பை (குழாயைப் பிடித்து நிறுத்தும் ஆப்பு) மாட்டு, சேஃப்டி வால்வைத் திறந்தபடியே குழாயில் முறுக்கு, பிறகு மூடு, பிஓபியை (கிணற்று வாயை மூடும் பெரிய வால்வு) அடை, அழுத்தத்தைப் படி. வால்வை மூடி வைத்துக்கொண்டு மாட்டப் போனால் பீய்ச்சும் மட் தள்ளிவிடும், மரையே பிடிக்காது. இதைப் புதுப் பையன்களுக்கு இருட்டில், கண்ணை மூடச் சொல்லிப் பழக்குவார்.

மட் டேங்க் மட்டத்தை அரைவிரல் வித்தியாசத்தில் கண்டுபிடிப்பார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், "குறுவைக்கு முறைத் தண்ணி விட்ட வீட்டுப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா" என்பார். வாய்க்கால் மட்டம் சத்தமில்லாமல் இறங்கினால் மேலே எவனோ மடையைத் திறந்துவிட்டான் என்று ராத்திரியில் எழுந்து போகிற ஜாதி.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் வந்தபோது திண்ணையில் பெரிய வாக்குவாதம். அவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஈர மண்ணில் கிடக்கும் எண்ணெய் போகும் பழைய இரும்புக்குழாய் வெளிப்பக்கமாகவே துருப்பிடிக்கும், கசிந்தால் முதலில் மடையை அடை, எண்ணெய் மிதக்கும், வைக்கோல் பிரியைப் போட்டு ஒரு மூலைக்கு ஒதுக்கு, நெருப்பை அண்டவிடாதே என்று மட்டும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

டேலி புத்தகம் பரண் பெட்டியில் இருந்தது. குத்தாலத்துக் கிணறு ஒன்றின் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன். அவர் போட்டோவுக்குக் கீழே அதைப் போடு. பென்சில் எழுத்து, மங்கலாகத்தான் விழும். கருப்பாக்குகிறேன் என்று அச்சகத்தில் யாரையும் தொடவிடாதே.

அன்புடன்,
அப்பா