அந்த அத்தியைப் பிடுங்காதே, பிள்ளை

உரும்பிராய்
வைகாசி 5

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுதது அம்மாவுக்குக் கேட்கக்கூடாதென்று நான் கிணற்றடிக்கு வந்துவிட்டேன். மற்ற மரமெல்லாம் துளிர்த்துவிட்டது, அத்தி மட்டும் காய்ந்த தடியாக நிற்கிறது, சனிக்கிழமை பிடுங்கி எறியப்போகிறேன் என்றாய். பிடுங்காதே பிள்ளை. பிழை என்னுடையது. குளிருக்குப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் காணும் என்று சொன்னது நான்தான். பகல் வெயிலுக்கு உள்ளே புழுங்கி, தடியெல்லாம் நனைந்து, இரவில் அந்த ஈரத்தோடேயே உறைந்திருக்கும். இலை கொட்டி உறங்கும் அத்தியின் தடி பூச்சியத்துக்குக் கீழே 10, 12 பாகை வரைக்கும்தான் தாங்கும். ரொறன்ரோவில் 20 வரை இறங்கிய இரவுகளை நீயே சொல்லியிருக்கிறாய்.

ஆனால் தடி செத்தால் மரம் செத்ததாகாது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. மண்ணிறமென்றால் பச்சை தெரியும் இடம் வரைக்கும் வெட்டிக்கொண்டு வா. நிலமட்டம் வரை போனாலும் கவலைப்படாதே. வேர் மண்ணுக்குள் இருந்தது, மேலே பனியும் மூடிக் கிடந்தது. ஆனி முழுக்கப் பொறு. பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் தந்த தடியை நட்டுத்தானே வளர்த்தாய், ஒட்டு மரமில்லை. ஆகவே அடியிலிருந்து முளைப்பதும் அதே அத்திதான். நாலைந்து கிளைத்தால் மூன்றை மட்டும் விடு. வெட்டும்போது வடியும் பாலைக் கையில் படவிடாதே, கடிக்கும்.

நம் முந்திரிகைப் பந்தலில் கொடியை வெட்டிவிட்டால் புதுக்கொடியில்தானே குலை வரும்? அத்தியும் அந்த வருஷத்துக் கிளையில் காய்க்கும். அங்கே கோடை குறுகியது என்பதுதான் தொல்லை. நிலத்திலிருந்து முளைத்து வளர்ந்து காய்ப்பதற்குள் ஐப்பசிக் குளிர் வந்துவிடும். பச்சையாகப் பிடுங்கி வைத்தால் மாங்காய் மாதிரி அது பழுக்காது. அதனால்தான் தடியையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

நான் அங்கே வந்து நின்ற கார்த்திகையில் அந்த இத்தாலிக்கார ஐயா தன் அத்தி மரத்தைக் குளிருக்குப் புதைத்ததை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றேன். இலை கொட்டின பிறகு கிளைகளைக் கயிற்றால் கட்டினார். மரத்தின் ஒரு பக்கம் இரண்டடி ஆழத்துக்கு நீளமாகக் கிடங்கு வெட்டினார். அதற்கு எதிர்ப்பக்கத்து வேரை மண்வெட்டியால் அறுத்துவிட்டு, மரத்தை மெல்ல மெல்லச் சரித்துக் கிடங்குக்குள் படுக்க வைத்தார். மேலே காய்ந்த சருகு, பலகை, தறப்பாள், அப்புறம் ஓரடி மண். பாத்தியில் பனங்கொட்டை அடுக்கி மூடுகிற மாதிரியே இருந்தது. சித்திரையில் மந்தாரமான நாளில் எடுத்து நிமிர்த்துவாராம். இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவிலிருந்து வந்தவர், அந்த ஊரில் இந்தப் பாடே இல்லையென்றார். உன் சின்ன மரத்துக்கு இவ்வளவு தேவையில்லையென்று நான் அன்று நினைத்துவிட்டேன். இந்த வருஷம் அவரைக் கூட்டி வைத்துச் செய். சருகு ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எலி பட்டையைக் கடிக்கும், அதையும் அவரிடம் கேள்.

ஆடிக்குப் பிறகு உரம் போடாதே. பிந்தி வரும் இளந்தண்டு குளிருக்கு முதலில் சாகும்.

இன்னொன்று. புதுக்கிளை முற்றியதும் ஒரு முழத் தடி வெட்டிச் சட்டியில் நட்டு வை. இலை கொட்டினதும் கராஜுக்குள் தூக்கி வைத்தால் போதும். உறங்குகிற மரத்துக்கு வெளிச்சம் வேண்டாம், மாதம் ஒருமுறை கொஞ்சத் தண்ணீர் காணும். பூச்சியத்துக்கு மேலே ஐந்தாறு பாகை இருந்தால் நல்லது. கராஜைச் சூடாக்கிவிடாதே, மாசியிலேயே விழித்துக்கொள்ளும்.

பழத்துக்குள் பூச்சி இருக்குமோ என்று அம்மா கேட்கிறா. நம் ஊர் அத்தியைப் பிட்டுப் பார்த்த பயம். அங்கே வீட்டு வளவுகளில் வைக்கிற அத்தி குளவி இல்லாமலே காய்க்கிற சாதி, அதற்குள் ஒன்றும் இராது.

சுரண்டிப் பார்த்துவிட்டு இரவே எடு. எந்த நேரமானாலும் எடு, நான் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா