யூசுஃப் பயில்வானின் இடுப்புத் தங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துருக்கிப் பயில்வான் யூசுஃப் இஸ்மாயில் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் சம்பாதித்ததையெல்லாம் தங்கக் காசாக மாற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார், கப்பல் மூழ்கியபோது அதை அவிழ்க்க மனம் வராமல் அதோடு சேர்ந்து ஆழத்துக்குப் போனார் என்று முடித்திருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

அவர் ஏறிய கப்பல் லா பூர்கோன். 1898 ஜூலை 2 அன்று நியூயார்க்கிலிருந்து பிரான்சுக்குக் கிளம்பியது. 4ஆம் தேதி விடியற்காலையில், கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால், பனிமூட்டத்தில் குரொமார்ட்டிஷயர் என்ற பாய்மரக் கப்பலோடு மோதி மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 725 பேர். இறந்தவர்கள் சுமார் 550. முந்நூறு பெண்களில் பிழைத்தவர் ஒரே ஒருவர். குழந்தைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் கப்பல் ஊழியர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் உயிரோடு கரை சேர்ந்தார்கள். சரி, யூசுஃபை மூழ்கடித்தது தங்கம் என்றால், அந்தக் குழந்தைகளின் இடுப்பில் என்ன இருந்தது?

தங்கக் கதையை ஊரெல்லாம் பரப்பியதில் அமெரிக்காவில் அவருடைய பந்தயங்களை நடத்திய வில்லியம் பிரேடிக்குப் பெரிய பங்கு உண்டு. குத்துச்சண்டை, நாடகம், மல்யுத்தம் என்று எதையும் டிக்கெட் போட்டு விற்கத் தெரிந்தவர். ‘பயங்கரத் துருக்கியர்’ என்ற பட்டமும் அந்த வியாபாரத்தின் சரக்குதான். யூசுஃபின் சொந்த ஊர்க்காரர்கள் அவரை ‘கோஜா’ யூசுஃப் என்றார்கள். பெரியவர், மாபெரியவர் என்ற பொருள். டெலிஓர்மன் என்ற பகுதியில் 1857இல் பிறந்தவர். அன்று அது உஸ்மானியப் பேரரசு, இன்று பல்கேரியா.

நியூயார்க்கில் எர்னஸ்ட் ரோபர் என்ற மல்யுத்த வீரரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டு ஆட்டத்தை இழந்ததை அவருடைய முரட்டுத்தனத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். தள்ளியது உண்மை. ஆனால் அவர் வளர்ந்த ஆட்டம் எண்ணெய் மல்யுத்தம். உடம்பு முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு, கிஸ்பெத் என்ற எருமைத்தோல் கால்சட்டையோடு புல்வெளியில் நடப்பது. அங்கே மேடையும் இல்லை, அதற்கு ஒரு விளிம்பும் இல்லை. எதிராளி பின்வாங்கினால் விடாமல் நெருக்கிக்கொண்டே போகலாம். அன்று நேரக் கணக்கும் கிடையாது. பொழுது சாயும் வரை இழுபடும். அப்படிப் பழகிய கால்கள் நாலாபுறமும் பள்ளம் உள்ள மேடையில் என்ன செய்யும்?

கட்டுரையில் அவர் சாப்பாட்டுக்கு ஒரு முழுப் பத்தி. பயில்வான் என்றாலே ஊருக்கு அந்த ஒரு கவலைதான் போல. என் தாத்தா கோதாவில் குஸ்தி பழகியவர். தினமும் நாற்பது முட்டை குடிப்பார் என்று தெருவே சொல்லும். வீட்டில் கோழியே கிடையாது என்பது பாட்டிக்குத்தான் தெரியும். அப்புறம், பயில்வான் என்று நாம் சொல்வதும் துருக்கியர் பெஹ்லிவான் என்று சொல்வதும் பாரசீகத்திலிருந்து வந்த ஒரே சொல். கட்டுரையில் இதைச் சேர்த்திருக்கலாம்.

சேர்த்திருக்க வேண்டிய இன்னொன்று, கெல் அலிச்சோவோடு அவர் மோதிய கதை. துருக்கியரின் பெரிய எண்ணெய் மல்யுத்தப் போட்டியான கிர்க்பினாரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தலைமைப் பயில்வானாக இருந்தவர் அலிச்சோ. இருட்டும் வரை இருவரில் ஒருவர் முதுகும் மண்ணில் படவில்லையாம். கடைசியில் கிழவரே தன் பட்டத்தை இளையவரிடம் ஒப்படைத்தார் என்று துருக்கியில் இன்றும் சொல்கிறார்கள். இதிலும் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் இது அந்த ஆட்டத்துக்குள்ளிருந்து வந்த கதை. எட்டாத முதுகுக்கு எதிராளியே எண்ணெய் தடவிவிடும் ஆட்டம் அது. தடவிவிட்ட கையே சற்று நேரத்தில் பிடி போட வரும்.

அடுத்த முறை அவர் படத்தைப் போடும்போது, கீழே ‘பயங்கரத் துருக்கியர்’ என்பதற்குப் பதிலாக கோஜா யூசுஃப் என்று போடும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.