மாப்பிள்ளை பார்த்த 22 இஞ்ச் மெஷின் வேண்டாம், பாப்பா

பாப்பாவுக்கு,

மாப்பிள்ளை எனக்கு வாங்கித் தரப் பார்த்திருக்கிற மரம் அறுக்கிற செயின் மெஷினின் படத்தைப் பார்த்தேன். 22 இஞ்ச் பார் (அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு), 58 சிசி எஞ்சின், ஆரஞ்சு கலர், கூடவே இரண்டு செயின் இலவசமாம். மாமாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதுவே எனக்குச் சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடு. ஆனால் அந்த மெஷின் வேண்டாம். நான் நேரே சொன்னால் அவர் முகம் வாடிவிடும், நீ பக்குவமாகச் சொல்லு. காரணத்தை மட்டும் நான் எழுதுகிறேன், இன்றுவரை ஒரு விறகுக் கட்டையைக்கூட அறுக்காதவருக்கும் புரிகிற மாதிரி.

நம் வீட்டில் எதை அறுக்கிறோம்? சமையல் கேஸில்தான். வெந்நீர் அடுப்பு, நெல் அவிக்கிற அடுப்பு, அப்புறம் விசேஷம் வந்தால் கொல்லையில் மூட்டுகிற கோட்டை அடுப்பு, இவ்வளவுக்குத்தான் விறகு. தோப்பு இருப்பதால் பாதி எரிபொருள் மட்டையாகவும் பாளையாகவும் கொட்டாங்குச்சியாகவும் தானாக வந்துவிடுகிறது, அதற்கு அரிவாள் போதும். மெஷின் தேவைப்படுவது வாய்க்கால் கரைச் சீமைக்கருவேலுக்கும், கழித்துப்போடுகிற வேப்பங்கிளைக்கும் பூவரசங்கிளைக்கும்தான். பெரும்பாலும் 5 இஞ்ச், 6 இஞ்ச் கனம்தான் இருக்கும். கருவேலின் அடிமரம் மிஞ்சிப்போனால் 10 இஞ்ச். பார் நீளம் என்பது அறுக்கிற கட்டையின் குறுக்களவைவிட இரண்டு இஞ்ச் கூட இருந்தால் போதும், அப்படிப் பார்த்தால் 12 இஞ்ச் பாரிலேயே நம் வேலை முடிந்துவிடும். 16 இஞ்ச் வாங்கினால் தாராளம்.

மரம் பெரிதாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று மாப்பிள்ளை கேட்பார். அவர் மனதில் கஜா புயல் இருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நம் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் யாருக்கும் பெரிய மெஷின் மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்யும். ஆனால் காய்ப்பில் இருக்கிற தென்னையை அளந்து பார், தூர்ப் பகுதியை விட்டுவிட்டால் தண்டு ஒரு அடிக் கனம்தான். 16 இஞ்ச் பார் அதை ஒரே வெட்டில் தாண்டிவிடும். அதைவிடக் கனமான கட்டையை ஒரு பக்கம் பாதி, மறு பக்கம் பாதி என்று அறுக்கலாம், இரண்டடிக் கனம்கூட இப்படி முடிந்துவிடும். அதற்கும் மேலே, தெற்கு மூலையில் நிற்கிற புளியமரம் மாதிரி ஏதாவது சாய்ந்தால் அது என் வேலையே இல்லை. கயிறு போட்டு, ஆள் நிறுத்தி, பெரிய மெஷினோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு நாள் கூலியோடு போயிற்று. பத்து வருஷத்துக்கு ஒருமுறை விழப்போகிற மரத்துக்காக மிச்ச நாளெல்லாம் நான் ஏன் ஏழு கிலோவைத் தூக்க வேண்டும்?

ஏழு கிலோ என்று சொன்னேன், அந்த எடையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தில் அது தெரியாது. அந்த 58 சிசி மெஷினில் பாரும் செயினும் மாட்டி, பெட்ரோலும் ஆயிலும் ஊற்றினால் ஏழு கிலோவைத் தாண்டும். அதிலும் 22 இஞ்ச் பாரின் எடை முன்னால் போய் உட்காருகிறது, இடது மணிக்கட்டுதான் அதைத் தாங்க வேண்டும். கருவேல் கிளையை இடுப்பு உயரத்தில் வைத்து அறுத்தால்கூடப் பரவாயில்லை, வாய்க்கால் சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்துக்கொண்டு குனிந்து அறுக்கும்போது அரை மணி நேரத்தில் தோள் சொல்லிவிடும். தோள் அசந்த பிறகு கை அசரும், அப்போதுதான் விபத்து நடக்கும்.

இன்னொன்று, இதை மாப்பிள்ளையிடம் அவசியம் சொல்லு. பாரின் நுனியில் மேல் கால் பாகம் இருக்கிறதே, ஓடுகிற செயினோடு அது எதிலாவது இடித்தால் மெஷின் மொத்தமும் பின்னால் எகிறி முகத்துக்கு வரும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. விறகுக் குவியலில்தான் இது அதிகம், ஏனென்றால் முன்னால் இருக்கிற 6 இஞ்ச் கட்டையை நீ அறுத்துக்கொண்டிருக்க, மிச்சம் ஒரு அடிக்கு மேலே பார் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அங்கே மறைவாக ஒரு கட்டை கிடக்கும். 16 இஞ்ச் என்றால் நுனி எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. நான் இப்போது பக்கத்துத் தோப்பில் இரவல் வாங்கி அறுப்பது 18 இஞ்ச், அதிலேயே நுனியைத் தேடிக்கொண்டுதான் அறுக்கிறேன்.

பார் நீண்டால் வேகமாக அறுக்கும் என்று ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கிறது. அறுப்பது எஞ்சின், பார் இல்லை. முற்றிய சீமைக்கருவேல் இரும்பு மாதிரி, நீண்ட பாரை முழுக்க உள்ளே விட்டால் அவ்வளவு பல்லையும் அதில் இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு வேண்டும். நல்ல கம்பெனிகள் 50 சிசி எஞ்சினுக்கு 16-லிருந்து 20 இஞ்ச் வரைதான் மாட்டுகிறார்கள். மலிவு மெஷினில் பெட்டியின் மேல் 58 என்று போட்டிருப்பதை நம்பி 22 இஞ்ச் மாட்டினால் கட்டைக்குள் போய் முனகிக்கொண்டு நிற்கும்.

சாணை வேலையையும் சேர்த்துக்கொள். 22 இஞ்ச் செயினில் சுமார் 43 பல், 16 இஞ்சில் சுமார் 33 பல் வரும். ஒவ்வொரு பல்லையும் வட்ட அரத்தால், சாய்வு மாறாமல், இரண்டு மூன்று இழுப்பு இழுக்க வேண்டும். தென்னையை அறுத்தாலோ மண்ணில் செயின் பட்டாலோ அன்றைக்கே முனை மழுங்கிப்போகும், நம் ஊர் மணலில் படாமல் அறுக்கவும் முடியாது. மழுங்கியது அறுபடுகிற தூளிலேயே தெரிந்துவிடும். கூரான செயின் சிராய் சிராயாகத் தள்ளும், மழுங்கியது மாவாகக் கொட்டும், புகை வாசம் வேறு வரும். அந்தப் பத்துப் பல்லை மிச்சப்படுத்தினால் என் கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு.

சரி, எதை வாங்கலாம்? நான் விசாரித்து வைத்திருக்கிறேன். ஸ்டில் கம்பெனியில் எம்எஸ் 180 என்று ஒன்று, 32 சிசி, பார் இல்லாமல் 4 கிலோவுக்குள். வேம்பு, பூவரசு, முருங்கைக்கு அதுவே தாராளம். அதிலேயே எம்எஸ் 250 என்பது 45 சிசி, நாலரை கிலோ சொச்சம். கருவேல் இருப்பதால் எனக்கு இந்த இரண்டாவதுதான் சரி, ஆனால் 16 இஞ்ச் பாரோடு. 18 இஞ்ச் போட்டுத் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள், வேண்டாம். ஹஸ்க்வர்னா கம்பெனியிலும் இதே அளவில் கிடைக்கிறது, அதுவும் நல்ல பெயர்தான். விலை படத்தில் இருக்கிறதைவிடக் கூடத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ தூக்கிக்கொண்டு போனால் பிளக்கும் ஃபில்டரும் கிடைக்க வேண்டும், அதை ஆன்லைன்காரன் தர மாட்டான். மாட்டுத்தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி நான் கடைக்குப் போய் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

கரண்ட் மெஷின் சத்தமில்லை, பெட்ரோல் கலக்க வேண்டாம் என்று உன் அம்மா சொல்கிறாள். கொல்லையிலேயே வைத்து அறுப்பதானால் அவள் சொல்வதுதான் சரி. ஆனால் நம் கட்டை வாய்க்கால் கரையில் கிடக்கிறது, அவ்வளவு தூரம் ஒயர் இழுத்துக்கொண்டு ஈரத்தில் நிற்க முடியாது. பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும், மலிவு மெஷின் என்றால் 40 மில்லி கேட்கும். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம், கலந்து மாதக்கணக்கில் வைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் கலக்குவேன், பயப்படாதே.

மாப்பிள்ளைக்கு ஏதாவது வாங்கித் தந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பேன்ட் வாங்கச் சொல்லு. செயின் மெஷின் பிடிக்கிறவர்களுக்கென்றே விற்கிறார்கள், உள்ளே நூல் நூலாக அடுக்கு இருக்கும், செயின் பட்டால் நூல் பல்சக்கரத்தில் சுற்றிச் செயினை நிறுத்திவிடும். இங்கே லுங்கியும் ரப்பர் செருப்புமாக அறுக்கிறார்கள், நானும் அப்படித்தான் நிற்பேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறேன். கூடவே முகத்துக்கு வலை வைத்த ஹெல்மெட்டும் காது மூடியும் அங்கே சிங்கப்பூரில் நல்லதாகக் கிடைக்குமே. இடுப்பு 36, உயரம் உனக்குத் தெரியும்.

ஆர்டர் போட்டாகிவிட்டதா இல்லையா என்று மட்டும் இன்றைக்கே ஒரு வார்த்தை எழுது. போட்டிருந்தால் பார்சல் கிளம்புவதற்குள் நிறுத்தப் பார், வந்து இறங்கிவிட்டால் திருப்பி அனுப்ப நான்தான் கொரியர் கடைக்கு அலைய வேண்டும்.

அப்பா