இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வுகள் முடிந்தன, விளையாட்டு விழாவில் கோப்பைகள் வாங்கினோம், ஓவியப் போட்டியிலும் பரிசு உண்டு. பிள்ளைகளுக்குப் பாராட்டுகள்.

அப்புறம், பழ இடைவேளை பற்றி ஒரு விஷயம்.

சென்ற வாரம் நான்காம் வகுப்பில் ஒரு குழந்தை டப்பாவைத் திறக்கவே இல்லை. விசாரித்தால், “உன் திராட்சை மேல வெள்ளையா இருக்கு, அது விஷம்” என்று பக்கத்துப் பிள்ளைகள் சொன்னார்களாம். அந்தக் குழந்தையின் அப்பா பந்தல் போட்டுத் திராட்சை வளர்ப்பவர். நம் கம்பம் பள்ளத்தாக்கில் யார் வீட்டுக்குத்தான் பந்தலோடு தொடர்பு இல்லை?

அந்த வெள்ளை பெரும்பாலும் திராட்சை தானே பூசிக்கொள்ளும் மெழுகு.

தோட்டத்தில் அடிக்கும் மருந்து பற்றிய கவலையை நான் தள்ளிவிடவில்லை. கொடியைக் கவாத்து செய்து வெட்டிவிட்ட பிறகு மழை பிடித்தால் இலையையும் காயையும் கெடுக்கும் அடிச்சாம்பல் நோய் வரும், மருந்து அடிக்காமல் பந்தலைக் காப்பாற்றுவது பெரும்பாடு. கடைசி மருந்துக்குப் பின் விட வேண்டிய நாட்களை விடாமல் பறித்தால் எச்சம் தங்கும். இயற்கை விவசாயப் பழத்தில் செயற்கை மருந்தின் எச்சம் பொதுவாகக் குறைவுதான். ஆனால் அங்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைக் கட்டுப்பாட்டோடு அடிக்க அனுமதி உண்டு. பக்கத்துத் தோட்டத்து மருந்தும் காற்றில் வந்து படியும். தவிர, எச்சம் இருப்பது வேறு, அது அரசு வகுத்த அளவைத் தாண்டுவது வேறு.

எந்தப் பழம் வாங்குவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் ‘விஷம்’ என்ற சொல்லைப் பிள்ளைகள் வீட்டில்தான் கேட்டிருக்கிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு டப்பாவைப் படம் எடுத்துப் போட்டதையும் பார்த்தேன். இனி இது கூடாது. தொடர்ந்தால் சம்பந்தப்பட்டவர்களை நேரில் அழைக்க வேண்டி வரும்.

சரி, செய்யக்கூடியது இதுதான். பழத்தை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவி, துடைத்து அனுப்புங்கள். சோப்பு வேண்டாம். மேலே படிந்ததில் கணிசமான பங்கு போய்விடும். உள்ளே ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது, அதனால் ஒரே பழத்தைத் தினமும் கொடுக்காமல் வாழை, கொய்யா, பப்பாளி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

பழ இடைவேளையை இதுவரை ஒரு நாளும் தவறவிடாமல் நடத்த உதவிய உங்கள் எல்லோருக்கும் நன்றி. மறுநாளே நான்காம் வகுப்புக்கு ஒரு கூடை பன்னீர் திராட்சை அனுப்பிவைத்த அந்த வீட்டாருக்குத் தனி நன்றி. கழுவித்தான் கொடுத்தோம், கூடை காலியாகத் திரும்பியது.

அன்புடன்,
தலைமையாசிரியர்