விதைப்புக்கு முன்னால் வந்து சேரட்டும்: கடலூர், புதுவை வேளாண் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். விருத்தாசலம், பாலூர், கடலூர் ஆகிய ஊர்களின் ஆராய்ச்சி நிலையங்களிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்திலும், புதுச்சேரி பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், காரைக்கால் வேளாண் கல்லூரியிலும் பணியாற்றும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நான் வேப்பூர் வட்டத்தில் கரிசல் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடுகிறவன். விருத்தாசலத்து நிலக்கடலை ரகங்களும் பாலூர்க் கத்தரியும் விளைந்த மண்ணில் பிறந்தவன் என்பதால் உங்கள் உழைப்பின் அருமையை எவரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உழைப்பின் பலன் இணையத்தில் இருந்தும் எங்கள் காட்டுக்கு வந்து சேராமல் போவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2018 புரட்டாசியில் இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளம் ஊன்றினேன். மூன்றாவது வாரத்தில் இலைகளில் சல்லடைக் கண்களைப் போல ஓட்டைகள் தெரிந்தன. குருத்தை விரித்துப் பார்த்தபோது ஈரமான மரத்தூளைப் போலப் புழுவின் எச்சம் அடைத்துக் கிடந்தது. அதை ஒரு ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தால் அடியில் புழு சுருண்டிருந்தது. அதன் தலையில் கவிழ்த்துப் போட்ட கவட்டையைப் போல ஒரு வெளிர் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தன. எங்கள் ஊரில் எவரும் அப்படி ஒரு புழுவை அதற்கு முன் பார்த்ததில்லை. தண்டுத் துளைப்பான்தான் ரகம் மாறி வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டோம். பூச்சிமருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தேன், கேட்கவில்லை. வேறொன்றைக் கொடுத்தார்கள், அதையும் அடித்தேன். மூன்றாம் முறை இரண்டையும் கலந்து, உச்சி வெயிலில், இலை நனைய நனைய அடித்தேன். புழு குருத்துக்குள் தன் எச்சத்தையே மூடியாக்கிக்கொண்டு பத்திரமாக இருந்தது. மருந்து அதன் மேல் படவே இல்லை. கதிர் பிடித்த பிறகு கதிருக்குள்ளும் இறங்கியது. அந்த ஆண்டு விருத்தாசலம் விற்பனைக் கூடத்துக்கு நான் கொண்டுபோன மூட்டைகளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம்.

விளைச்சல் போனதைக் காட்டிலும் எனக்கு ஆறாமல் இருப்பது வேறொன்று. மறு ஆண்டு, கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் தன் கைப்பேசியில் ஆங்கிலத்தில் தேடி ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினாள். படைப்புழு என்கிற அந்தப் புழு அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 2016-இல் ஆப்பிரிக்காவில் கால் வைத்தது. அங்கே சிறு விவசாயிகள் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் திரட்டி ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2018-லேயே ஒரு வழிகாட்டியை எவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் புழு தென்பட்டது. ஜூலை இறுதியில் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் எச்சரிக்கை வெளியிட்டது. ஆடி மாதம் அப்போது பாதிகூடத் தாண்டவில்லை. நான் ஊன்றியதோ புரட்டாசியில். இடையில் ஏழெட்டு வாரம் இருந்தது.

அந்த ஏழெட்டு வாரத்தில் என்னென்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கிறேன். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் எடுத்துக் கொடுக்கும்படி ஆழ உழுதிருக்கலாம். ஊரார் ஒரே வாரத்தில் விதைப்பது என்று கூடிப் பேசி முடிவு செய்திருக்கலாம், ஏனெனில் முன்னே பின்னே விதைத்த காடுகளில்தான் அந்துப்பூச்சிக்கு மாறி மாறி இளம்பயிர் கிடைக்கிறது. வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் போட்டிருக்கலாம். முளைத்த நாள் முதல் வாரம் இருமுறை காட்டுக்குள் நடந்து, இலையில் பஞ்சு படர்ந்ததைப் போல இருக்கும் முட்டைக் குவியலை விரலால் நசுக்கியிருக்கலாம். ஆப்பிரிக்காவில் செய்ததைப் போலக் குருத்துக்குள் ஒரு பிடி மணலோ சாம்பலோ தூவியிருக்கலாம். இவற்றில் பாதிக்குமேல் காசு செலவில்லாத வேலைகள். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுவது, விதை நேர்த்தி செய்வது, மருந்தைக் காலையிலோ மாலையிலோ குருத்துக்குள் இறங்கும்படி அடிப்பது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பின்னர் வகுத்துத் தந்த பரிந்துரைகளைக் கைக்கொண்டு இன்று நாங்கள் அதே புழுவோடு பயிர் செய்து வருகிறோம். ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கும் அந்துப்பூச்சி கர்நாடகத்திலிருந்து வேப்பூருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பற்றிய நாலு வரித் தமிழ் வந்து சேரவில்லை.

இது நடக்கவே முடியாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது, புதுவையிலேயே நடந்திருக்கிறது. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுநிலையமாக வைத்துச் சுற்றுவட்டார ஊர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, இங்கே வீட்டில் தொலைபேசி இருந்தாலே பெரிய விஷயம். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதைக் கரையில் நிற்கும் மீனவர் அதைக் கேட்டு முடிவு செய்வார். அவருக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலமும் தேவைப்படவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பைக் கொண்டு நல்லவாடு ஊரின் அதே போன்ற மையத்து ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்து, ஆழிப்பேரலை வருமுன் மக்களை வெளியேற்றியதும் பலர் அறிந்த செய்திதான். உலகின் எந்த மூலையிலோ இருந்த தகவலை ஒருவர் எடுத்தார், ஊர்ப்பேச்சில் மாற்றினார், காதில் விழும்படி சொன்னார், அதுவும் நேரத்துக்குச் சொன்னார். கால் நூற்றாண்டுக்கு முன்பே நம் பக்கத்து ஊர்களில் இவ்வளவும் ஒருங்கே அமைந்திருக்க, ஒவ்வொருவர் மடியிலும் கைப்பேசி இருக்கும் இன்று அது ஏன் அரிதாகிவிட்டது என்பதை உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

தமிழிலும் நிறைய இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்தின் தமிழ் இணையப் பக்கங்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன், நன்றியோடு பார்க்கிறேன். ஆனால் அதற்கு வெளியே, துண்டறிக்கைகளும் பயிற்சிக் கையேடுகளும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்களாகத்தான் கைக்கு வருகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எளிதில் எடுத்துக் கொடுப்பதில்லை. சென்ற ஆண்டு நிலக்கடலைச் சுருள்பூச்சி பற்றிய ஒரு பி.டி.எஃப். கோப்பிலிருந்து இரண்டு வரியை எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒட்டினேன். ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாகக் கொட்டின, ஒரு சொல்லும் தமிழாக இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் ஒன்றில் தட்டச்சு செய்த கோப்பு அது என்று பிறகு தெரிந்தது. தமிழ்நாட்டு அரசு 2010-லேயே, எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்துமுறையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவரும் ஒவ்வொரு துண்டறிக்கையும் யூனிகோடு எழுத்தில், நகலெடுக்கவும் தேடவும் கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய வேண்டுகோள் ஆகாது. தட்டச்சரிடம் சொன்னால் நாளையே நடக்கக்கூடியது.

எழுத்துரு சரியாக இருந்தாலும் சொல் இடிக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வீராணம் பாசனத்தில் சம்பா நடுகிற என் மைத்துனர் ‘புகையான்’ என்றுதான் தேடுவார்; கட்டுரை ‘பழுப்புத் தத்துப்பூச்சி’ என்று இருந்தால் அது அவர் கண்ணில் படாது. குலைநோயைக் கொள்ளை நோய் என்று சொல்கிற ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பூச்சிக்கும் நோய்க்கும் அறிவியல் பெயர், நூல் வழக்கு, ஊர் வழக்கு மூன்றையும் பக்கத்தின் முதல் வரியிலேயே சேர்த்துப் போட்டுவிட்டால், எந்தப் பெயரில் தேடினாலும் அதே இடத்துக்கு வந்து சேரலாம். ஊர்ப் பெயர்களைத் திரட்டித் தர எங்களைப் போன்றவர்கள் காத்திருக்கிறோம்.

நான் மிகவும் கவலைப்படுவது தேதி இல்லாத அறிவுரைகளைப் பற்றி. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயிகளின் குழு ஒன்றில், முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்கிற பூச்சிக்கு எண்டோசல்பான் மருந்தை அடிக்கச் சொல்லும் ஒரு பழைய தாளின் படம் ஆண்டுதோறும் பூக்கும் பருவத்தில் தவறாமல் சுற்றுக்கு வருகிறது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்திலேயே தடை செய்துவிட்டது. தாளை எழுதியவர் மேல் குற்றமில்லை. அவர் எழுதிய காலத்தில் அது பரிந்துரையாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தத் தாளில் ஆண்டும் இல்லை, அது காலாவதியானதும் எவருக்கும் தெரியாது. தாளில் இருக்கும் செய்தி மடிந்தாலும் இணையத்தில் அதன் படம் மடிவதில்லை. எனவே நீங்கள் வெளியிடும் ஒவ்வொன்றிலும் நாள், நிலையத்தின் பெயர், எந்த மண்ணில் எந்தப் பட்டத்தில் சோதித்தது, எந்த நாள் வரை செல்லும் என்பவை படத்தின் உள்ளேயே பதிந்திருக்கட்டும், ஓரத்தில் வெட்டிவிடக்கூடிய இடத்தில் வேண்டாம். பரிந்துரை மாறினால் பழையதை நீக்கிவிட்டுப் போகாமல், அதே முகவரியில் ‘இது இப்போது பொருந்தாது, காரணம் இது’ என்று எழுதி வையுங்கள். பண்ருட்டிச் செம்மண்ணில் பலித்தது மங்களூர் ஒன்றியத்துக் கரிசலில் பலிக்காது என்பது எங்களுக்கே தெரியும், எங்கே சோதித்தீர்கள் என்று சொன்னால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

பலிக்காத சோதனைகளையும் சொல்லுங்கள். ஒரு ரகம் தண்ணீர் தேங்கும் நிலத்தில் தோற்றது, ஓர் உயிரியல் பூச்சிக்கொல்லி மழை நாளில் பயனளிக்கவில்லை என்கிற முடிவுகள் அலுவலக அலமாரியோடு நின்றுவிடுகின்றன. அதே சோதனையை நாங்கள் எங்கள் செலவில், எங்கள் காட்டில், வட்டிக்கு வாங்கிய பணத்தில் திரும்பவும் செய்து பார்க்கிறோம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் திறந்த அணுக்கக் கொள்கையை 2013-இல் அறிவித்தது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு பொதுமக்களுக்கு எட்ட வேண்டும் என்கிற அந்தக் கொள்கை ஆங்கிலக் கட்டுரைகளோடு முடிந்துவிடாமல், அதே கட்டுரைக்கு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் கட்டாயமாக்கும் அளவுக்கு நீள வேண்டும். எவரும் படியெடுத்து, மொழிபெயர்த்து, குரலில் பதிந்து பகிரலாம் என்று ஒரு வரியையும் அதன் அடியில் சேர்த்துவிடுங்கள். அனுமதி கேட்டு எழுதும் கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் பருவம் தப்பிவிடும்.

குரல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் காட்டில் களை எடுப்பவர்களும் கதிர் ஒடிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். படைப்புழுவின் முட்டைக் குவியலை எனக்கு முன்னால் கண்டுபிடிப்பவர் என் சின்னம்மாதான். களைக்கொத்தோடு வரிசையில் குனிந்து போகிறவருக்குத்தான் இலையின் அடிப்புறம் தெரியும். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் இல்லை. கைப்பேசியும் பேரனிடம்தான் இருக்கும். இரண்டு நிமிடக் குரல் பதிவாக, நம் வட்டாரப் பேச்சில், உங்களில் ஒருவரே பேசி அனுப்பினால் அவர் காட்டில் வேலை செய்துகொண்டே கேட்பார், மற்ற பெண்களுக்கும் சொல்வார்.

கேள்வி கேட்கவும் வழி வேண்டும். 2004 முதல் இயங்கிவரும் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். நானும் பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் எனக்குக் கிடைத்த பதில் என் காதோடு நின்றுவிடுகிறது. அதே வாரத்தில் நல்லூரிலும் மங்கலம்பேட்டையிலும் பத்துப் பேர் அதையே கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு வாரமும் நம் மாவட்டத்து உழவர்கள் கேட்டவற்றையும் நீங்கள் சொன்ன விடைகளையும், கேட்டவர் பெயரை நீக்கிவிட்டு, ஒரே பக்கமாக வெளியிட்டால் போதும். எந்த ஊரில் எந்தப் பூச்சி தலைகாட்டுகிறது என்பது உங்களுக்கும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

உங்கள் மேல் ஏற்கெனவே எவ்வளவு வேலை சுமத்தப்பட்டிருக்கிறது என்பதை நிலையங்களுக்கு வந்து போகிறவன் என்ற முறையில் அறிவேன். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கேட்கவில்லை. வரும் ஆவணி பிறப்பதற்குள் மக்காச்சோளத்துக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். வெளியிடுமுன் வரைவை எங்களுக்கு அனுப்பினால், எந்தச் சொல் எங்கள் ஊரில் புரியாது என்று நானும் என் அண்ணன் மகளும் சின்னம்மாவும் உட்கார்ந்து குறித்து, இரண்டு நாளில் திருப்பி அனுப்பிவிடுகிறோம். வந்து சேர்ந்த அன்று மாலையே எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் நான் அதை வாசிக்கிறேன். ஊன்றுவதற்கு அப்போது இன்னும் நாலைந்து வாரம் இருக்கும்.

மிக்க மரியாதையுடன்,
மக்காச்சோள உழவர் ஒருவர்,
வேப்பூர் வட்டம், கடலூர் மாவட்டம்.